நான்ஸ்டிக் பாத்திரம் வாங்குமுன்: பிராண்டை விட்டு வரிசையை ஒப்பிடும் முறை

சிங்கப்பூரின் முஸ்தபா கடையிலோ வீட்டுக்கு அருகிலுள்ள பேரங்காடியிலோ நான்ஸ்டிக் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும் பகுதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, எந்த பிராண்டு நல்லது என்பதுதான். அந்தக் கேள்விக்கு உருப்படியான விடை கிடைப்பதில்லை. ஒரே நிறுவனம் சில பத்து வெள்ளிக்கு ஒரு வரிசையையும் (ஒரே பெயரில் வரும் பாத்திரத் தொகுப்பு), அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலைக்கு இன்னொரு வரிசையையும் விற்கிறது. இரண்டிலும் முத்திரை ஒன்றுதான். உலோகத்தின் தடிமன், பூச்சு ஏற்றப்பட்ட விதம், அடித்தட்டு, கைப்பிடி எல்லாம் வேறு. எனவே ஒப்பிட வேண்டியது வரிசையை. அதற்குத் தேவையானவை பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிறிய எழுத்தைப் படிக்கும் பொறுமை, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஒரு காந்தம், பள்ளிப் பிள்ளையின் பையிலிருந்து இரவல் வாங்கிய ஓர் அடிக்கோல், இவ்வளவே.

எதற்கு வேண்டும், எந்த அடுப்பில் வேண்டும்

கடைக்குப் போகுமுன் வீட்டின் ஒரு வாரச் சமையலை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. மாவும் முட்டையும் மீனும் சூடான உலோகத்தைத் தொடும் இடங்களில்தான் ஒட்டாப் பூச்சு உண்மையில் உதவுகிறது: தோசை, அடை, ஊத்தப்பம், ஆப்பம், பணியாரம், ஆம்லெட், தோல் பிய்யாமல் வறுபட வேண்டிய மீன் துண்டு. சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பால் ஆகியவற்றுக்குப் பூச்சினால் எந்த ஆதாயமும் கிடையாது. தாளிப்புக்கு அது பொருந்தாத பொருள்; அகலமான வாணலியின் நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்வரை, எண்ணெய் படாத மீதிப் பரப்பு முழுவதும் வெறுமனே சூடேறிக்கொண்டிருக்கும். நண்டு, சிப்பி, எலும்புக் கறி போன்றவற்றை இரும்புக் கரண்டியால் புரட்டும் பழக்கமுள்ள வீட்டில் அவற்றுக்கென எவர்சில்வர் அல்லது வார்ப்பிரும்புச் சட்டி இருப்பதே மேல்.

இப்படிக் கணக்குப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு உருப்படிகளே போதும்: விளிம்பு தாழ்ந்த, தட்டையான 28 செ.மீ. தோசைக்கல் ஒன்று, 24 முதல் 26 செ.மீ. அகலமுள்ள ஃபிரையிங் பேன் ஒன்று. பொரியலையும் பிரட்டலையும் பூச்சுள்ள பாத்திரத்திலேயே செய்ய விரும்புபவர்கள் குழிவான வாணலி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து, ஏழு உருப்படிகளாகக் கட்டித் தள்ளுபடியில் விற்கப்படும் செட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பாதி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கைப்பிடிப் பாத்திரங்களாகவும் மூடிகளாகவும் இருக்கும். மூடியையும் ஓர் உருப்படியாக எண்ணிக்கையில் சேர்த்துவிடும் பழக்கமும் உண்டு.

அடுத்தது அடுப்பு. குழாய்வழி எரிவாயு உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கும், கேஸ் தோம்பு வைத்திருக்கும் வீட்டுக்கும் எந்த வரிசையும் பொருந்தும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் தனி நிபந்தனை உண்டு. அந்த அடுப்பு நெருப்பால் சுடுவதில்லை; கண்ணாடித் தட்டுக்கு அடியிலுள்ள கம்பிச் சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்க, அது பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி வெப்பமாக்குகிறது. அலுமினியம் மட்டும் கொண்டு செய்த பாத்திரத்தை வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்றுக்கொள்ளாது. காந்தம் பிடிக்கும் எஃகுத் தட்டு அடியில் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் எரிவாயுவில் சமைப்பவர்கள், அடுத்த வீடு எப்படியிருக்கும் என்று தெரியாததால், சற்றுக் கூடுதல் விலையானாலும் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற வரிசையையே எடுப்பது உசிதம்.

பூச்சைப் பற்றிப் பெட்டி சொல்வதும் சொல்லாததும்

கிரானைட், மார்பிள், டைமண்ட், டைட்டேனியம், ஸ்டோன் என்று பெட்டியின் முகப்பில் எத்தனை பெயர் இருந்தாலும் வீட்டு நான்ஸ்டிக் பூச்சுகள் அடிப்படையில் இரண்டே வகைதான். ஒன்று பிடிஎஃப்இ, டெஃப்லான் என்ற வணிகப் பெயரால் எல்லோரும் அறிந்தது. மற்றொன்று, செராமிக் என்று விற்கப்படும், சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட பூச்சு. பாறைப் பெயர்களைத் தாங்கிய பாத்திரங்களில் பெரும்பாலானவை பிடிஎஃப்இ பூச்சில் கனிமத் துகள் கலந்தவை, அல்லது கல் போன்ற புள்ளிகள் தெளிக்கப்பட்டவை. நல்ல வரிசைகளில் அந்தத் துகள்கள் தேய்மானத்தைக் குறைக்கின்றன. மலிவான வரிசைகளில் புள்ளி அழகுக்காக மட்டுமே இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கிரானைட் என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை தருவதில் பொருளில்லை.

பிடிஎஃப்இ 1938இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளரால் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அதைச் சமையல் பாத்திரத்தின் அலுமினியத்தில் பிடிக்கவைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார். அவர் 1956இல் தொடங்கியதுதான் டெஃபால். எதிலும் ஒட்டாத ஒரு பொருளை உலோகத்தில் ஒட்டவைப்பதுதான் இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும். உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, முதலில் பிடிமானப் பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, கடைசியில் மேற்பூச்சு என்று ஏற்றுகிறார்கள். பெட்டியில் மூன்றடுக்கு, ஐந்தடுக்கு என்று போட்டிருப்பது இதைத்தான். ஆனால் அடுக்கின் எண்ணிக்கை தடிமனைச் சொல்லிவிடாது. தட்டையான அலுமினியத் தகட்டில் உருளையால் பூச்சைத் தடவிவிட்டுப் பிறகு பாத்திரமாக அழுத்தி எடுப்பது மலிவான முறை. பாத்திரத்தை வடிவமைத்த பின் பூச்சைத் தெளிப்பது செலவு கூடிய முறை. விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது முதல் வகை. பூச்சு விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம்வரை மடிந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

உடல்நலம் குறித்த கேள்விக்கு வருவோம். ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்ற வாசகம் இப்போது கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. பிஎஃப்ஓஏ என்பது பிடிஎஃப்இ தயாரிப்பில் முன்பு துணைப்பொருளாகப் பயன்பட்ட வேதிப்பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் திட்டத்தின்கீழ் 2006இல் முன்வந்த பெரிய உற்பத்தியாளர்கள் 2015க்குள் அதைக் கைவிட்டனர். 2019இல் அது, எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரும் அந்த உடன்பாட்டில் ஒரு தரப்பு. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆகவே அது இல்லாதிருப்பது அவசியம்தான். ஆனால் எல்லோரும் நிறைவேற்றும் ஒரு நிபந்தனையை வைத்து இரண்டு வரிசைகளை ஒப்பிட முடியாது.

‘பிஎஃப்ஏஎஸ் இல்லை’ என்பது இதிலிருந்து முற்றிலும் வேறான வாசகம். பிஎஃப்ஏஎஸ் என்பது ஃபுளோரின் சேர்ந்த ஒரு பெரிய வேதிக் குடும்பம். பிடிஎஃப்இயும் அதில் ஓர் உறுப்பு. பெட்டியில் இந்த வாசகம் இருந்தால் உள்ளே இருப்பது செராமிக் வகை என்று கொள்ளலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2025 தொடக்கத்திலிருந்து இக்குடும்பப் பொருள் சேர்க்கப்பட்ட சமையல் பாத்திரங்களின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. அங்கு முதன்மையாகப் பேசப்படுவது, இயற்கையில் சிதையாத இப்பொருள்கள் நீரிலும் மண்ணிலும் சேர்வதைப் பற்றி. சமையலறையில் பிடிஎஃப்இ பூச்சு துகளாக உதிர்ந்து வயிற்றுக்குள் போனாலும் உடல் அதைச் செரிக்காமல் வெளியேற்றிவிடும் என்பதே உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் பொதுவான நிலைப்பாடு.

அஞ்ச வேண்டியது அளவுமீறிய சூட்டை. பிடிஎஃப்இக்குச் சுமார் 260 டிகிரி செல்சியஸ்வரை பாதுகாப்பான எல்லை. அதற்குமேல் அது மெல்லச் சிதையத் தொடங்குகிறது. 350 டிகிரியைத் தாண்டும்போது வரும் புகை மனிதருக்குக் காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். தண்ணீரோ மாவோ இருக்கும்போது அந்தச் சூடு வராது. பெரிய எரிவாயுத் தீயில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். பறவைகளின் நுரையீரல் இந்தப் புகையைச் சிறிதும் தாங்காது; மனிதருக்குத் தெரியாத அளவே கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். வீவக வீடுகளில் துணி காயவைக்கும் இடம் சமையலறையை ஒட்டியே இருப்பதால் பலர் கூண்டை அங்கேதான் தொங்கவிடுகிறார்கள். அவர்கள் கூண்டை வரவேற்பறைச் சன்னல் பக்கம் மாற்ற வேண்டும், அல்லது செராமிக் வரிசைக்கோ வார்ப்பிரும்புக்கோ போக வேண்டும்.

செராமிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. அது பிடிஎஃப்இயைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும்; புதிதாக இருக்கும்போது முட்டை அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அந்த வழுக்கும் குணம் பிடிஎஃப்இயைவிட விரைவில் குறைகிறது. எண்ணெய் அதன்மேல் மெல்லிய படலமாகக் கருகிப் படிய, மாவு பிடிக்கத் தொடங்குகிறது. வாரத்தில் பல நாள் தோசை வார்க்கும் வீட்டுக்கு நான் செராமிக் தோசைக்கல்லைச் சொல்லமாட்டேன். காய்கறியும் மீனும் மிதமான தீயில் செய்யும் வீட்டுக்கு அது ஏற்றதே.

உடலும் அடியும்

பூச்சைக் கண்ணால் அளக்க முடியாது, உலோகத்தை அளக்கலாம். தடிமன் கூடினால் சூடு சமமாகப் பரவும், அடி எளிதில் வளையாது. தட்டை அழுத்திச் செய்தது, வார்த்துச் செய்தது என அலுமினிய உடல் பொதுவாக இரண்டு விதமாக வருகிறது. வார்த்த உடலின் அடி தடிமனாகவும் பக்கங்கள் மெல்லியதாகவும் இருக்கும்படி அமைக்க முடியும் என்பதால், அதே எடையில் சூட்டுக்கு அது உகந்தது. தோசைக்கல்லுக்கு 4 மி.மீ. அளவில் தடிமன் வேண்டும். ஃபிரையிங் பேனுக்கு 3 மி.மீ. போதும். பெட்டியில் தடிமன் குறிக்கப்படாவிட்டால், ஒரே அகலமுள்ள இரண்டு பாத்திரங்களைக் கைக்கொன்றாகப் பிடித்து எடையை ஒப்பிடுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் விவரப் பட்டியலில் எடையைத் தேட வேண்டும். எடையையே சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பது நல்லது.

இனி பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிக்கோலை அதன் அடியின் குறுக்கே நிறுத்தினால் நடுவில் மயிரிழை அளவு உள்வளைவு தெரியலாம். அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது, சூட்டில் உலோகம் விரிந்து மட்டமாகிவிடும். நடு வெளியே புடைத்திருந்தால் அதை எடுக்காதீர்கள். கண்ணாடி அடுப்பில் பம்பரம்போல் சுற்றும், ஊற்றிய எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடும். அடுத்து காந்தத்தை நடுவிலிருந்து ஓரம்வரை நகர்த்துங்கள். முழுத் தட்டு பதித்த வரிசையில் காந்தம் ஒரே சீராகப் பிடிக்கும். துளையிட்ட தகட்டை அலுமினியத்தில் அழுத்திப் பதித்த வரிசையில் விட்டுவிட்டுப் பிடிக்கும். இரண்டாவது வகையும் வேலை செய்யும், ஆனால் சூடேறச் சற்று நேரமெடுக்கும். காந்தம் பிடிக்கும் வட்டத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 28 செ.மீ. என்று விற்கப்படும் தோசைக்கல்லில் காந்தம் பிடிக்கும் பகுதி 18 செ.மீ. மட்டுமே இருந்தால், இண்டக்‌ஷன் அடுப்பில் தோசையின் நடு சிவக்கும்போது ஓரம் வெளுத்தே கிடக்கும். பெட்டியிலுள்ள அளவு மேல் விளிம்பின் அளவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கைப்பிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உட்புறம் ஆணித்தலை தெரியும் கைப்பிடி உறுதியானது, ஆனால் அந்தத் தலையைச் சுற்றி மாவு சேரும். திருகு போட்டது தளரும், வீட்டிலேயே முறுக்கிக்கொள்ளலாம். பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளதை ஓவனில் வைப்பதானால் உற்பத்தியாளர் தரும் வெப்ப எல்லையைப் படித்துவிட்டு வையுங்கள். வயதான அம்மா தூக்க வேண்டிய பாத்திரம் என்றால் எடையே முதல் தகுதி, மற்றதெல்லாம் பிறகு.

சிங்கப்பூரில் கண்ணில் படும் வரிசைகள்

இந்திய பிராண்டுகளான பிரஸ்டீஜும் ஹாக்கின்ஸ் ஃபியூச்சுராவும் நம் சமையலுக்கென்றே வடிவம் பெற்றவை. தட்டையான தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் ஆப்பச் சட்டியும் வேண்டுமென்றால் லிட்டில் இந்தியா பக்கம்தான் போக வேண்டும். ஃபியூச்சுராவில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு: ஹார்ட் அனோடைஸ்டு என்ற வரிசையும் நான்ஸ்டிக் என்ற வரிசையும் தனித்தனி. முன்னது அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமாக்கியது. கறுத்து வழவழப்பாக இருந்தாலும் அதில் ஒட்டாப் பூச்சு கிடையாது. அந்நிறுவனம் தவாக்களின் தடிமனை 4.06, 4.88 மி.மீ. என்று தசமம்வரை அச்சிடுவது பாராட்டத்தக்கது. மற்றவர்களும் அப்படிச் செய்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது. பிரஸ்டீஜின் ஒமேகா டீலக்ஸில் இண்டக்‌ஷன் அடியுள்ளதும் இல்லாததும் ஏறக்குறைய ஒரே பெயரில் வருவதால், காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

டெஃபாலின் பல வரிசைகளில் நடுவில் சிவப்பு வட்டம் ஒன்று இருக்கும். பாத்திரம் சமைக்கத் தயாராகும்போது வட்டத்துக்குள் இருக்கும் கோலம் மறைந்து முழுச் சிவப்பாகிவிடும். எரிவாயுத் தீயில் சூட்டைக் கணிக்கத் தடுமாறுபவர்களுக்கும், புதிதாகச் சமையலுக்கு வந்திருக்கும் பணிப்பெண்ணுக்கும் இது நல்ல துணை. கொரியாவின் ஹேப்பிகாலில் இரு பக்கமும் மூடித் திருப்பும் இரட்டைப் பேன் மீன் வறுக்க ஏற்றது. எண்ணெய் தெறிக்காததால், சமையலறைக்குக் கதவில்லாத சிறிய வீடுகளில் அதன் அருமை புரியும். டென்மார்க்கின் ஸ்கேன்பேன் விலை கூடிய, வார்த்த அலுமினிய உடல் கொண்டது. அதிலும் கிளாசிக் என்ற வரிசைக்கும் கிளாசிக் இண்டக்‌ஷன் என்ற வரிசைக்கும் அடித்தட்டு வேறு, தள்ளுபடிக் காலத்தில் அவசரமாக எடுப்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள். செராமிக்கில் பெயர்பெற்றது 2007இல் பெல்ஜியத்தில் தொடங்கிய கிரீன்பேன்.

விலையை ஆண்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். நான்ஸ்டிக் என்பது சட்டி அல்ல, தேய்ந்து தீரும் பொருள். ஒரு பேச்சுக்கு, 30 வெள்ளிப் பாத்திரம் ஓராண்டும் 90 வெள்ளிப் பாத்திரம் மூன்றாண்டும் உழைத்தால் இரண்டும் ஒரே செலவுதான். அப்போது தடிமனான அடியில் சமமாகச் சிவந்த தோசை கிடைப்பதால் விலை கூடியதை எடுக்கலாம். ஆனால் வீட்டில் இரும்புக் கரண்டி பழக்கம் மாறாது என்று தெரிந்தால் 90 வெள்ளியும் ஓராண்டில் போய்விடும். அந்த வீட்டுக்கு மலிவான வரிசையே புத்திசாலித்தனம்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாளே சோதித்துவிடுங்கள். மிதமான தீயில் பாத்திரத்தை நிரப்பும் அளவுக்கு ஓர் ஊத்தப்பம் வார்த்து, திருப்பிப் போட்டு, அதன் சிவந்த பக்கத்தைப் பாருங்கள். எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்பதிலிருந்து அடியின் தரம் முழுவதும் தெரிந்துவிடும். பிறகு எண்ணெயில்லாமல் ஒரு முட்டை; அது தானாக நகர வேண்டும்.

தோசை வார்ப்பதற்கு இரும்புக் கல்லின் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு மாவை ஊற்றினால், ஒட்டாப் பரப்பில் மாவு பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வரும். புதுக் கல் சரியில்லை என்று பலர் கடைக்குத் திருப்பி எடுத்துப்போவது இதனால்தான். மிதமான சூட்டில், ஈரத்துணியால் கல்லை ஒரு முறை துடைத்து, எண்ணெய் தடவாமல் மாவை ஊற்றி விரைவாகப் பரப்பிய பிறகு தீயைக் கூட்டி, ஓரத்தில் எண்ணெய் விடுங்கள். ஒவ்வொரு தோசைக்கும் தீயை இறக்கி ஏற்ற வேண்டும். தடிமனான கல் மெதுவாகவே ஆறும் என்பதால், அடுத்த தோசைக்கு முன் ஈரத்துணி இன்னும் தேவைப்படும். துணி ஈரமாக இருந்தால் போதும். சூடான கல்லில் குவளைத் தண்ணீரை ஊற்றினால் அடி வளைந்துவிடும்.

கழுவுவதற்கு முன் ஆறவிடுங்கள். அலுமினியம் வெளியே தெரியும் பாத்திரத்தைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். அதன் சோப்புத்தூளின் காரத்தன்மை உலோகத்தைக் கறுக்கச் செய்யும். புட்டியிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் ஸ்பிரே பிசினாகப் படிந்து ஒட்டாத தன்மையைக் கெடுக்கும். அடுக்கி வைக்கும்போது இடையில் பழைய துணியோ தாளோ வையுங்கள்.

பூச்சு உரிந்து உலோகம் தெரியத் தொடங்கினாலோ, எண்ணெய் விட்டும் முட்டை பிடித்துக்கொண்டாலோ பாத்திரத்தின் ஆயுள் முடிந்தது. அலுமினியம் என்பதால் பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே அப்படி ஆனால் விட்டுவிட வேண்டாம். உற்பத்தியாளரின் உத்தரவாதம் பல சமயம் பூச்சின் தேய்மானத்தை விலக்கி, உடலுக்கும் கைப்பிடிக்கும் மட்டுமே இருக்கும். அதை வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ என்ற விதி இருக்கிறது. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே பொதுவாகக் கருதப்படும்; இல்லை என்று காட்ட வேண்டியது விற்பனையாளர். பழுதுபார்த்தலையோ மாற்றுப் பொருளையோ முதலில் கேட்கலாம், அது முடியாதபோது விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். வழக்கமான தேய்மானமும் நம் தவறான பயன்பாடும் இதில் அடங்கா. எனவே இரும்புக் கரண்டியின் கீறலோடு கடைக்குப் போய்ப் பயனில்லை. கடைக்காரர் இணங்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அதற்கு ரசீது வேண்டும். கடைகள் தரும் வெப்பத்தாள் ரசீதின் எழுத்து நம் ஊர்ப் புழுக்கத்தில் சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே ரசீதையும் பாத்திரத்தின் அடியிலுள்ள வரிசைப் பெயரையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.